கறுப்புச் சதுரத்துல இருந்து தொழிலாளி வீடு வரைக்கும்: ரஷ்ய அவான்-கார்ட் கலையைப் படிப்படியா புரிஞ்சுக்க ஒரு முழு வழிகாட்டி

ரஷ்ய அவான்-கார்ட்னு, அதாவது பழைய முறையை உடைச்சுட்டு முன்னால போன ரஷ்யப் புதுக் கலை இயக்கம்னு தேடினா, மொதல்ல வந்து நிக்கிறது ஒரு கறுப்புச் சதுரம். அதைப் பாத்துட்டு "இதை எங்க வீட்டுக் குட்டியே வரையுமே"ன்னு சொல்லிட்டு மூடிட்டுப் போறவங்கதான் அதிகம். அப்படிப் போயிடாதீங்கன்னு கேட்டுக்கத்தான் இதை எழுதுறேன். ஏன்னா அந்தச் சதுரத்தைச் சுத்தி இருந்த ஆளுங்களும் அவங்க வழியில வந்தவங்களும்தான் அடுத்த பதினஞ்சு வருஷத்துல கேன்வாஸை ஓரமா வச்சுட்டு, சீட்டித் துணிக்கு டிசைன் போட்டாங்க, படிப்பகத்துக்கு நாற்காலி செஞ்சாங்க, பெண்கள் அடுப்படியில இருந்து வெளிய வர்ற மாதிரி வீடு கட்டப் பாத்தாங்க. கலைன்னா சுவத்துல மாட்டுற பொருள் கிடையாது, சாதாரண மனுஷன் வாழுற விதத்தையே மாத்துற வேலைன்னு முழுசா நம்புனாங்க. காலம் சுமாரா 1910ல இருந்து 1932 வரைக்கும்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம், ஊர் பேர்ல குழம்பாதீங்க. பீட்டர்ஸ்பர்க், 1914ல இருந்து பெட்ரோகிராட், 1924ல இருந்து லெனின்கிராட், மூணும் ஒரே ஊர்தான்.

படி 1: ஒரு போட்டோவுல இருந்து ஆரம்பிங்க

டிசம்பர் 1915, பெட்ரோகிராட். "0,10"னு ஒரு கண்காட்சி. அதுல காஸிமிர் மாலெவிச் மாட்டின படங்களோட கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இணையத்துல ஈஸியா கிடைக்கும், அதை எடுத்து வச்சுக்கங்க. படங்க சுவர் முழுக்க மேலயும் கீழயுமா தொங்கும், கீழ ஒரு நாற்காலி கிடக்கும். இப்ப மேல பாருங்க. ரெண்டு சுவரும் சேர்ற மூலையில, கூரைக்குப் பக்கத்துல, கறுப்புச் சதுரம்.

அந்த இடம்தான் விஷயமே. ரஷ்ய கிராமத்து வீடுகள்ல மூலையில உயரத்துலதான் புனிதர் படங்களை, அதாவது ஐகான்களை வைப்பாங்க, உள்ள வர்றவங்க மொதல்ல அந்த மூலையைப் பாத்து சிலுவை போட்டுட்டுத்தான் மத்தவங்களுக்கே வணக்கம் சொல்லுவாங்க. அதுக்குப் பேர் "கிராஸ்னி" மூலை. கிராஸ்னின்னா சிவப்புன்னும் அர்த்தம், பழைய ரஷ்ய மொழியில அழகுன்னும் அர்த்தம். நம்ம ஊர்ல சாமி மாடத்துல இருக்குற படத்தை எடுத்துட்டு அங்க ஒரு வெறும் சதுரத்தை யாராவது வச்சா வீட்டுப் பெரியவங்களுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, அன்னைக்கு அங்க பாக்க வந்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மாலெவிச் வேணும்னேதான் அங்க மாட்டினாரு. பழைய உலகம் பூஜ்ஜியத்துக்கு வந்துடுச்சு, இனி புதுசா தொடங்கணும், இதுதான் அவர் சொல்ல வந்தது. கண்காட்சி பேர்லயே அந்தப் பூஜ்ஜியம் இருக்கு. இந்த ஓவிய வழிக்கு அவர் வச்ச பேர் சுப்ரமேட்டிசம். மரம், முகம், பானைன்னு எதையும் காட்டாம வடிவமும் நிறமும் மட்டும் தனியா நின்னு பேசணும்கிறது.

இந்த மூலையை மனசுல வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொண்ணு, படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் 79.5 செ.மீ., ஆனா ஓரங்கள் துல்லியமான சதுரமா இருக்காது, கையால போட்டது தெரியும். பெயின்ட் முழுக்க வெடிச்சிருக்கும். 2015ல மாஸ்கோவுல இருக்குற த்ரெத்யாகோவ் கேலரிக்காரங்க எக்ஸ்ரே எடுத்துப் பாத்தப்ப கறுப்புக்கு அடியில ரெண்டு கலர் படம் இருக்குறது தெரிஞ்சுது. ஆக, ஒண்ணும் தெரியாத ஆள் ஒரே இழுப்புல இழுத்த படம் இல்ல இது. ரெண்டு படத்தைப் போட்டுப் பாத்து, அதை மூடிட்டு மேல போட்டது.

படி 2: கொஞ்சம் பின்னால போங்க

இவங்க திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல. மாஸ்கோவுல செர்கேய் ஷூக்கின்னு ஒரு துணி வியாபாரி இருந்தாரு. பாரிஸ்ல யாரும் வாங்கத் தயங்குன மத்தீஸ், பிக்காசோ படங்களை இவர் வாங்கிக் குவிச்சாரு. பிக்காசோ மட்டுமே 50 வாக்குல. ஞாயித்துக்கிழமைகள்ல வீட்டைத் திறந்து விடுவாரு, மாஸ்கோ ஓவிய மாணவர்கள் அங்க போய் நின்னு பாத்துட்டு வந்து ராத்திரியெல்லாம் சண்டை போடுவாங்க.

அதே நேரத்துல உள்ளூர்லயும் ஒண்ணு நடந்துச்சு. நூத்தாண்டு நூத்தாண்டா விளக்குப் புகையும் எண்ணெயும் படிஞ்சு கறுத்துக் கிடந்த ஐகான்களை சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க, உள்ள இருந்து பளீர்னு சிவப்பு, மஞ்சள், நீலம் வெளிய வந்துச்சு. 1913ல மாஸ்கோவுல அந்த ஐகான்களை வச்சு ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சு. இளைஞர்களுக்கு அது ஒரு திறப்பு. நம்ம கிட்டயே இவ்வளவு இருக்கே, பாரிஸை ஏன் காப்பி அடிக்கணும்னு ஒரு எண்ணம் வந்துச்சு. நதாலியா கொன்சரோவாவோட படங்களைப் பாருங்க. சந்தையில விக்கிற மலிவு மர அச்சுப் படம், கிராமத்துக் கடைப் பலகை, ஐகான் மூணும் கலந்து நிக்கும். 1913லயே அவங்க தனியா வச்ச கண்காட்சியில 700க்கும் மேல படம், அப்ப அவங்களுக்கு வயசு 32தான்.

பெண்கள் இதுல எவ்வளவு பேர்னு கவனிங்க. கொன்சரோவா, ல்யூபோவ் போப்போவா, வர்வாரா ஸ்தெபனோவா, ஓல்கா ரோஸனோவா, அலெக்சாந்த்ரா எக்ஸ்டர், நதேழ்தா உதால்த்சோவா. இவங்க யாரும் யாருக்கும் உதவியாளரா இருந்தவங்க கிடையாது, எல்லாருமே முன்வரிசை. அந்தக் காலத்துல வேற எந்த நாட்டு ஓவிய இயக்கத்துலயும் இந்த அளவுக்குப் பாக்க முடியாது.

படி 3: கத்தரிக்கோல் எடுங்க

இது பயிற்சி, தாண்டிப் போயிடாதீங்க. ஒரு வெள்ளைத் தாள், கறுப்பு, சிவப்பு கலர் பேப்பர். கறுப்புல ஒரு சதுரம் வெட்டி நடுவுல நேரா வைங்க, அசையாம நிக்கும். கொஞ்சம் சாச்சு வைங்க, விழப்போற மாதிரி இருக்கும். அதை மேல் ஓரத்துக்குத் தள்ளுங்க, மிதக்கும். இப்ப கறுப்புல ஒரு வட்டம், சிவப்புல கூரான முக்கோணம், அந்த முனையை வட்டத்துக்குள்ள குத்துற மாதிரி வைங்க. ஒரு மனுஷனை வரையல, ஒரு எழுத்து எழுதல, ஆனா அங்க ஒரு சண்டை நடக்குது இல்லையா? எல் லிஸ்ஸிட்ஸ்கி இதே மாதிரி சிவப்பு ஆப்பு வெள்ளை வட்டத்தைப் பிளக்குற போஸ்டரை உள்நாட்டுப் போர் நடந்தப்ப போட்டாரு. சிவப்பு போல்ஷெவிக் படை, அதாவது 1917ல ஆட்சியைப் பிடிச்ச கம்யூனிஸ்ட்களோட படை, வெள்ளை அவங்களை எதிர்த்த படை. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைஞ்ச நாட்டுல இந்த வடிவ மொழி எல்லாருக்கும் புரியும்னு அவர் நெனச்சாரு. பத்து நிமிஷம் பேப்பரை நகத்திப் பாத்தா பத்துக் கட்டுரை படிச்சதை விட அதிகமா பிடிபடும்.

படி 4: மாலெவிச்சுக்கு எதிர்ல நின்ன ஆள்

அதே 0,10 கண்காட்சியில இன்னொரு மூலை இருந்துச்சு. அது விளாதிமிர் டாட்லினோடது. இளவயசுல கப்பல்ல மாலுமியா வேலை பாத்தவர், பாரிஸ் போய் பிக்காசோவோட பட்டறையைப் பாத்துட்டு வந்தவர். இரும்புத் தகடு, மரம், கயிறு இதெல்லாம் ரெண்டு சுவருக்கும் நடுவுல இழுத்துக் கட்டி மூலையில தொங்க விட்டாரு. படமும் இல்ல, சிலையும் இல்ல. மாலெவிச் மூலையில ஒரு தத்துவத்தை வச்சா, இவர் அதே மாதிரி மூலையில பொருளை வச்சாரு. இரும்பு இரும்பாவே இருக்கணும், அது எப்படி வளையும், எவ்வளவு தாங்கும்கிறதுதான் அதோட அழகுன்னு இவர் கட்சி. ரெண்டு பேருக்கும் ஒத்தே போகாது. இந்த ரெண்டு மூலைதான் ரெண்டு வேர்: ஒண்ணு சுப்ரமேட்டிசம், இன்னொண்ணு பின்னாடி கன்ஸ்ட்ரக்டிவிசமா, அதாவது பொருளையும் கட்டுமானத்தையும் வச்சு வேலை செய்யுற வழியா வளர்ந்துச்சு. இந்தப் பிரிவு புரிஞ்சா எந்தப் படத்தைப் பாத்தாலும் இது யார் பக்கம்னு ஓரளவு சொல்லிடலாம்.

படி 5: 1917க்குப் பிறகு தெருவைப் பாருங்க

புரட்சி வந்ததும் இந்த இளைஞர்களுக்கு வாழ்க்கையில முதல் தடவையா அதிகாரம் கிடைச்சுது. பழைய கலை அகாடமி ஆளுங்க பலர் புது அரசோட சேர மாட்டோம்னு ஒதுங்கினாங்க, இவங்க ஓடி வந்தாங்க. கல்வித்துறையைப் பாத்துக்கிட்ட லுனாசார்ஸ்கி இவங்களுக்குப் பள்ளிக்கூடம், மியூசியம், பதவி எல்லாம் கொடுத்தாரு. காண்டின்ஸ்கியும் அப்ப மாஸ்கோவுலதான் இருந்தாரு, 1921 கடைசியில ஜெர்மனிக்குப் போயிட்டாரு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் வீதெப்ஸ்க், இப்ப பெலாரஸ்ல இருக்கு. அந்த ஊர்ப் பையன் மார்க் ஷகால் 1918ல கலை கமிஸாரா, அதாவது புது அரசோட கலை அதிகாரியா திரும்பி வந்து மக்கள் கலைப்பள்ளி ஒண்ணு தொடங்கினாரு. ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைங்க எல்லாம் காசு கட்டாம வந்து படிச்சாங்க. அவர் கூப்பிட்டு லிஸ்ஸிட்ஸ்கி வந்தாரு, 1919 கடைசியில மாலெவிச்சும் வந்து சேர்ந்தாரு. வந்த கொஞ்ச நாள்லயே மாணவங்க மொத்தமா மாலெவிச் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க, பறக்குற காதலர்களையும் பசுவையும் வரைஞ்ச ஷகால் மனசு உடைஞ்சு 1920ல ஊரை விட்டே போயிட்டாரு. இந்த இடத்துல என் மனசு ஷகால் பக்கம்தான். தான் கட்டின பள்ளிக்கூடத்துலயே அந்நியமாகிப் போறது சாதாரண வலி இல்ல.

மாலெவிச்சும் மாணவர்களும் சேர்ந்த குழுவுக்கு உனோவிஸ்னு பேர், புதுக் கலையை நிலைநாட்டுறவங்கன்னு அர்த்தம். சட்டைக் கையில கறுப்புச் சதுரம் தச்சுக்குவாங்க. தனி ஆள் பேரே வேண்டாம், எல்லாரும் சேர்ந்து பண்றதுதான்னு கையெழுத்துப் போடாம படங்களை வச்சாங்க. ஊர் முழுக்க வரைஞ்சாங்க, கடைப் பலகை, மேடை, சுவர்னு எதையும் விடல. 1920ல அந்த வழியா போன செர்கேய் ஐஸென்ஸ்டைன், பின்னாடி 'போர்க்கப்பல் பொத்யோம்கின்' எடுத்தவர், சிவப்புச் செங்கல் சுவர் மேல வெள்ளை அடிச்சு அதுல பச்சை வட்டம், ஆரஞ்சுச் சதுரம், நீலச் செவ்வகம்னு ஒரு மாகாண ஊரே மாறிக் கிடந்ததைப் பாத்து அசந்துபோய் எழுதி வச்சிருக்காரு. பஞ்சமும் போரும் நடந்துக்கிட்டு இருந்த வருஷம் அது, ரொட்டிக்கே வரிசை, அந்த நிலைமையில ஒரு ஊர் சுவரெல்லாம் நிறம் பூசிக்குதுன்னா அந்த நம்பிக்கை எவ்வளவு பெருசுன்னு யோசிங்க.

மாஸ்கோவுல கவிஞர் மாயகோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் ரோஸ்தா ஜன்னல்னு ஒண்ணு பண்ணாங்க, ரோஸ்தாங்கிறது அரசு செய்தி நிறுவனம். கடைகள்ல சரக்கே இல்ல, கண்ணாடி ஜன்னல் காலியா கிடந்துச்சு. தந்தியில சேதி வந்த கையோட அதைப் படக்கதையா மாத்தி, அட்டையில ஸ்டென்சில் வெட்டி, கையால பெயின்ட் அடிச்சு அந்த ஜன்னல்ல ஒட்டிடுவாங்க. தெருவுல போறவன் நின்னு பாத்தா நாட்டு நடப்பு தெரிஞ்சுடும்.

படி 6: கட்டாத கோபுரம், கட்டின கோபுரம்

டாட்லினோட மூன்றாம் அகிலத்துக்கான, அதாவது உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளோட கூட்டமைப்புக்கான நினைவுச்சின்னம். 1920ல பெட்ரோகிராட்ல மரத்துல மாடல் செஞ்சு காட்டினாரு. கட்டியிருந்தா 400 மீட்டர், ஈஃபிலை விட 100 மீட்டர் உசரம். ரெண்டு இரும்புச் சுருள் சாய்ஞ்சு ஏறும், உள்ள கண்ணாடி அறைங்க தொங்கும், அதுங்க சுத்தும். அடியில இருக்குற கனசதுரம் வருஷத்துக்கு ஒரு சுத்து, சட்டம் போடுற சபைக்கு. அதுக்கு மேல பிரமிடு, மாசத்துக்கு ஒரு சுத்து, நிர்வாகத்துக்கு. அதுக்கும் மேல உருளை, நாளைக்கு ஒரு சுத்து, தந்தியும் வானொலியுமா சேதி சொல்ற இடம். அரசாங்கம்னா அசையாத கல் கட்டடம் இல்ல, காலத்தோட சேர்ந்து சுத்துற கண்ணாடி, வெளிய நிக்கிறவனுக்கும் உள்ள நடக்குறது தெரியணும். இந்த ஒரு மாடல்ல அவங்க சமூகக் கனவு மொத்தமும் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

நாட்டுல அவ்வளவு இரும்பு ஏது? மாஸ்கோவுல பொறியாளர் ஷூஹோவ் ரேடியோ கோபுரத்துக்கு 350 மீட்டர்னு திட்டம் போட்டாரு, இரும்பு கிடைக்காம 150 மீட்டர்ல 1922ல முடிச்சாரு. அது இன்னைக்கும் நிக்குது. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, கனவுக்கும் கையில இருந்த இரும்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தெரியும்.

படி 7: ஓவியத்தை விட்டுட்டாங்க, இதுதான் திருப்பம்

செப்டம்பர் 1921, மாஸ்கோ, "5x5=25"னு ஒரு கண்காட்சி. அஞ்சு பேர், ஆளுக்கு அஞ்சு படம். அலெக்சாந்தர் ரோட்சென்கோ அதுல மூணு கேன்வாஸ் வச்சாரு: ஒண்ணு முழுக்க சிவப்பு, ஒண்ணு முழுக்க மஞ்சள், ஒண்ணு முழுக்க நீலம். அவ்வளவுதான், ஓவியம் முடிஞ்சுதுன்னாரு. சும்மா பேச்சுக்குச் சொல்லல, அந்த வருஷக் கடைசியில மாஸ்கோ கலைப் பண்பாட்டு நிலையத்துல இருந்தவங்க கூடிப் பேசி, இனி படம் வரையுற சட்டம் (ஈஸல்) வேண்டாம், உற்பத்திக்குப் போவோம்னு முடிவே எடுத்தாங்க. கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட்னு தங்களைக் கூப்பிட்டுக்கிட்டது இவங்கதான். 1920ல தொடங்கின வ்ஹூதெமாஸ்ங்கிற பள்ளியில ஓவியமும் மர வேலையும் உலோக வேலையும் துணியும் அச்சும் கட்டடமும் ஒரே கூரையில சொல்லிக் கொடுத்தாங்க.

போப்போவாவும் ஸ்தெபனோவாவும் 1923 வாக்குல மாஸ்கோவுல முதல் அரசுத் துணி அச்சு ஆலைக்கு வேலைக்குப் போனாங்க. அங்க எல்லாம் காலங்காலமா பூப்போட்ட டிசைன். இவங்க வட்டம், பட்டை, முக்கோணம்னு போட்டாங்க. டிசைன் மட்டும் வரைஞ்சு கொடுத்துட்டுப் போறவங்களா இருக்க மாட்டோம், சாயப் பட்டறையில எங்களை விடுங்க, உற்பத்தி முடிவு எடுக்குற கூட்டத்துல உக்கார வைங்கன்னு நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டாங்க. ஸ்தெபனோவா போட்டது 150 டிசைன் கிட்ட, அதுல துணியா வந்தது ரெண்டு டஜன் வாக்குலதான். ஓவியத்துல கிடைச்ச எந்தப் பாராட்டையும் விட, ஒரு விவசாயப் பொம்பளை என் துணியை வாங்குறதைப் பாத்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்னு போப்போவா சொன்னதா பதிவு இருக்கு. 1924ல அவங்க பையனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து இறந்தான், சில நாள்லயே அதே காய்ச்சல்ல அவங்களும் போயிட்டாங்க. வயசு 35. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா என்னென்ன செஞ்சிருப்பாங்கன்னு அந்தத் துணி டிசைன்களைப் பாக்குறப்ப எல்லாம் தோணும்.

1925ல பாரிஸ் கண்காட்சிக்கு ரோட்சென்கோ தொழிலாளர் கிளப் ஒண்ணு செஞ்சாரு. வேலை முடிஞ்சு வர்ற தொழிலாளி உக்காந்து பேப்பர் படிக்க, செஸ் ஆட, பேச்சு கேக்க ஒரு அறை. விலை கம்மி மரம்; சிவப்பு, வெள்ளை, சாம்பல், கறுப்பு; மேடை மடக்கி வைக்கலாம். பாரிஸ்ல இருந்து மனைவி ஸ்தெபனோவாவுக்கு எழுதின கடிதத்துல, நம்ம கையில இருக்குற பொருளும் நமக்குச் சமமான தோழனா இருக்கணும், இங்க மாதிரி அடிமையா இருக்கக் கூடாதுன்னு எழுதுறாரு. பொருளைத் தோழன்னு சொல்றது எவ்வளவு பெரிய எண்ணம்! ஆனா அந்த அறையோட மூலையைக் கவனிங்க. அங்க லெனின் மூலைன்னு ஒண்ணு இருக்கும். ஐகான் இருந்த மூலைக்குச் சதுரம் வந்துச்சு, இப்ப தலைவர் படம் வந்துடுச்சு.

இங்க ஒரு போன் பயிற்சி. ரோட்சென்கோ பின்னாடி போட்டோகிராஃபர் ஆனாரு. தொப்புள் உயரத்துல கேமராவைப் பிடிச்சு எடுக்குற போட்டோவை அவருக்குப் பிடிக்காது. உங்க மாடியில இருந்து நேர் கீழ ஒண்ணு, தெருவுல நின்னு நேர் மேல ஒண்ணு எடுங்க. தெனம் பாக்குற இடம் புதுசா தெரியும்.

படி 8: வீட்டுக்குள்ள போங்க

மாஸ்கோவுல நர்கோம்ஃபின் கட்டடம், 1928ல இருந்து 1930, மோய்ஸேய் கின்ஸ்பர்க்கும் இக்னாத்தி மிலினிஸும் கட்டினது. நிதித்துறை ஊழியர்களுக்கான வீடுங்க. பொது சமையலறை, பொது சாப்பாட்டுக் கூடம், பொது சலவை எல்லாம் பக்கத்துக் கட்டடத்துல. வீட்டுக்குள்ள அடுப்புக்குச் சின்ன இடம்தான், சில வீட்டுல அது கூட இல்ல. பெண்ணை அடுப்படியில இருந்து விடுவிக்கணும்கிற எண்ணத்தைச் சுவரும் ஜன்னலுமா கட்டிப் பாத்த இடம் இது. எல்லாருக்கும் பொது வாழ்க்கை ஒத்துவரல, தனி அடுப்பு கேட்டவங்களும் உண்டு, அதையும் சேத்துத்தான் பாக்கணும். பல வருஷம் இடிஞ்சு கிடந்துச்சு, கின்ஸ்பர்க்கோட பேரன் முன்ன நின்னு 2020ல புதுப்பிச்சு முடிச்சாரு.

படி 9: முடிவை மறைக்காம படிங்க

அழகான போஸ்டரோட நிறுத்திட்டா பாதிதான் தெரியும். 1932 ஏப்ரல்ல எல்லாக் கலைக் குழுவையும் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, 1934ல சோஷலிச யதார்த்தவாதம், அதாவது அரசு சொல்ற கருத்தை எல்லாருக்கும் புரியுற மாதிரி நிஜம் போலவே காட்டுற பாணி மட்டும்தான்னு ஆச்சு. மாயகோவ்ஸ்கி 1930லயே சுட்டுக்கிட்டு இறந்துட்டாரு. மாலெவிச்சை 1930ல புடிச்சு உள்ள வச்சு விசாரிச்சாங்க. போட்டோ ஒட்டி போஸ்டர் போட்ட குஸ்தவ் க்ளூத்ஸிஸை 1938ல சுட்டாங்க. வீதெப்ஸ்க் பள்ளியை நடத்தின வேரா யெர்மோலயேவாவை 1937ல, நாடக இயக்குநர் மெயர்ஹோல்டை 1940ல. இவங்க எல்லாம் அந்த அரசை எதிர்த்தவங்க இல்ல, அதுக்காக உழைச்சவங்க.

இன்னும் கஷ்டமான ஒண்ணு இருக்கு. 1933ல ரோட்சென்கோ வெண்கடல் கால்வாய் வேலையைப் போட்டோ எடுத்தாரு, அது பத்திரிகையில பிரமாதமான லேஅவுட்டோட வந்துச்சு. அந்தக் கால்வாயை வெட்டினது கைதிங்க, ஆயிரக்கணக்குல செத்தாங்க. தொழிலாளிக்கு நாற்காலி செஞ்ச அதே கண்ணும் கையும். என்னால இதைச் சமாதானம் பண்ணிக்க முடியல, நீங்களும் அவசரப்பட்டுப் பண்ணிக்க வேண்டாம். அந்த நாற்காலியையும் அந்தக் கால்வாய்ப் பக்கங்களையும் ஒண்ணா வச்சே பாருங்க.

மாலெவிச் 1935 மே மாசம் புற்றுநோய்ல போனாரு. கடைசி வருஷங்கள்ல மறுபடி மனுஷங்களை வரைஞ்சாரு, ஆனா படத்தோட ஓரத்துல பேருக்குப் பதிலா ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம் போடுவாரு. அவர் உடலைக் கிடத்தி வச்சிருந்த அறையில தலைக்கு மேல சுவத்துல அந்தச் சதுரம்தான் தொங்குச்சு, போட்டோ இருக்கு. ஊர்வலத்துல போன லாரி முன்னாடியும் அதையே மாட்டினாங்க.

படி 10: எங்க போய்ப் பாக்குறது

மாஸ்கோவுல த்ரெத்யாகோவ், பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்ய மியூசியம், நியூயார்க்ல நவீன கலை மியூசியம். உஸ்பெகிஸ்தான்ல நூக்கூஸ்னு பாலைவன ஊர், அங்க இகோர் சவீத்ஸ்கிங்கிறவர் மத்தவங்க மறைச்சு வச்சிருந்த படங்களைச் சேத்து 1966ல மியூசியமே தொடங்கிட்டாரு, மாஸ்கோவுல இருந்து தூரம்ங்கிறதால பொழச்சுது. எல்லாத்துலயும் நிறைய படங்களை ஆன்லைன்லயே பாக்கலாம். ஏலத்துலயோ வேற எங்கயோ "புதுசா கிடைச்ச" போப்போவா, மாலெவிச்னு வந்தா நம்பிடாதீங்க, இந்தக் காலத்துப் படங்கள்ல போலி ரொம்ப அதிகம், எந்த ஆண்டுல யார் கையில இருந்துச்சுன்னு வரிசையா தெரியாத படத்தைப் படிக்கவும் எடுத்துக்காதீங்க.

கிரீஸ்ல தெஸலோனிக்கியையும் விட்டுடாதீங்க. அங்க இருக்குறது ஜார்ஜ் கோஸ்தாகிஸ் சேர்த்தது. மாஸ்கோவுல பிறந்த கிரேக்கர், கனடா தூதரகத்துல வேலை. யாரும் சீண்டாத காலத்துல செத்துப்போனவங்க வீட்டுச் சொந்தக்காரங்களைத் தேடித் தேடிப் போனாரு. ஒருதடவை ஊருக்கு வெளிய ஒரு வீட்டுல போப்போவா ப்ளைவுட்ல வரைஞ்ச படம் ஜன்னலை அடைக்கிற பலகையா அடிச்சிருந்துச்சு. கேட்டா, எடுத்துட்டா மழை உள்ள வருமேன்னு வீட்டுக்காரர் தர மாட்டேன்னுட்டாரு. கோஸ்தாகிஸ் மாஸ்கோவுக்குத் திரும்பிப் போய், ஜன்னல் அளவுக்குச் சரியா ஒரு ப்ளைவுட் வாங்கிட்டு வந்து கொடுத்துட்டுப் படத்தை எடுத்துட்டுப் போனாரு.